கெட்டுப்போன சாமான்

ஆரியசாலையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவர்கள் நாலைந்து பேர் உண்டு. வேல்சாமிக்கு மற்றவர்களைக் கண்டாலே ஆகாது. எந்தக் கோளாறு என்றாலும் "மதர்போர்டு போச்சு" என்று கையை விரித்துவிட்டுப் பெட்டியைக் கடைக்குத் தூக்கிப்போகிற கூட்டம் என்பான். அவன் வழக்கமே வேறு. வீட்டுக்கே போவான். ஆட்கள் பார்க்கப் பெட்டியைத் திறப்பான். கெட்டுப்போன சாமான் எதுவோ அதைக் கழற்றி வீட்டுக்காரர் கையில் கொடுத்து, "பாத்துக்கிடுங்க, இதான் போனது" என்பான். பதினாறு வருஷத் தொழிலில் இந்த ஒரு விஷயத்தில் அவனுக்குத் தலைக்கனம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், பொய் சொல்லாத மெக்கானிக்குக் கொஞ்சம் கனம் தகும்.

மேற்குக் கோட்டையில் இருக்கும் சீதாலக்ஷ்மி மாமியிடமும் இப்படித்தான் நல்ல பேர் வாங்கினான். மாமிக்குச் சர்க்கரையில் பார்வை மங்கிவிட்டது. ஃபோனில் மகன் முகம் வெறும் பொட்டாகத்தான் தெரிகிறது என்று, மஸ்கட்டில் வேலை பார்க்கும் சுமந்த் லீவில் வந்தபோது ஜன்னல் அகலத்துக்கு ஒரு மானிட்டர் வாங்கி வைத்துவிட்டுப் போனான். ஞாயிற்றுக்கிழமை தோறும் மாமி அதன் முன்னால் மூக்கு இடிக்கிற மாதிரி உட்கார்ந்து மகனைப் பார்ப்பாள்.

போன வருஷம் பவர் சப்ளை எரிந்தபோது, கண் சரியாகத் தெரியாதவளுக்குக் கெட்ட சாமானை எப்படிக் காட்டுவது என்று வேல்சாமி யோசித்தான். கடைசியில் அதை அவள் மடியில் வைத்துத் தொடச் சொன்னான்.

"ஓடுற சாமான் தொட்டா சூடு இருக்கும் மாமி. செத்தது சில்லுன்னு கெடக்கும். நாங்க பாதிக் கோளாறைக் கைய வச்சே கண்டுபிடிச்சிருவோம்."

மாமிக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஏதோ வைத்தியம் கற்றுக்கொண்டவள் மாதிரி பெட்டியின் முதுகை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்வாள்.

இந்த வருஷம் அவளுக்கே நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் ஆயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள் லேண்ட்லைனில் வேல்சாமியைக் கூப்பிட்டாள். கம்ப்யூட்டர் உயிர் பெறவில்லையாம். போய்ப் பார்த்தால் பெட்டிக்குள் பவர் வயர் கழன்று தொங்கியது.

"எலியாக்கும்," என்றார் மாமியின் கணவர் சேஷன். கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசாத மனுஷன்.

கிளிப்பை அழுத்தி வயரைக் கழற்றுகிற எலியை வேல்சாமி இதுவரை பார்த்ததில்லை. இருந்தாலும் பெரியவரிடம் என்ன வாதம் என்று விட்டுவிட்டான். வந்ததற்கு ரேமையும் கழற்றி, அதன் தங்கப் பல்லை அழிரப்பரால் தேய்த்து மாட்டினான். சேஷன் குனிந்து நின்று கவனித்தார்.

"இது இல்லாட்டா ஓடாதோ?"

"ஒண்ணும் நடக்காது சார். மூணு தடவை கத்திட்டு நின்னுரும்."

இவ்வளவு ஆர்வமாய்க் கேட்கிற வாடிக்கையாளர் எங்கே கிடைக்கிறார்கள்! எந்தக் கிளிப்பை எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்பதுவரை வேல்சாமி சொல்லிக்கொடுத்தான். ஆனால் நெட்டைப் பார்க்க மோடம் பக்கம் போனதும் சேஷன் குறுக்கே வந்து நின்றார். "அது பின்னே பாக்கலாம்" என்று சொல்லிக் கூலியைக் கையில் திணித்தார். வாசல்வரை கூடவே வந்து, "இனி மாமி விளிச்சா வரவேண்டாம். அவளுக்கு ரெஸ்ட் வேணும்" என்றார். வேல்சாமிக்குச் சுருக்கென்றது. என்னை நம்பவில்லையா இந்த மனுஷன் என்று ஆரியசாலை வரைக்கும் புகைந்துகொண்டே போனான்.

ஒரு வாரம் கழித்துத் திங்கட்கிழமை காலையில் மாமி மறுபடி கூப்பிட்டாள்.

"அவர் மருந்து வாங்கப் போயிருக்கார். வேகம் வாங்கோ வேல்சாமி. என்னமோ பீப் பீப்னு கத்தறது."

வரவேண்டாம் என்று சொன்னவர் வீட்டில் இல்லை. வரச் சொன்னவள் நோயாளி. வேல்சாமி பையைத் தூக்கிக்கொண்டு போனான்.

மாமி நாற்காலியில் சாய்ந்திருந்தாள். கழுத்துக்குக் கீழே தையலின் நுனி தெரிந்தது. அவன் ஸ்க்ரூவைக் கழற்றிக்கொண்டிருக்க அவள் பொரிந்து தள்ளினாள்.

"நெஞ்சை அறுத்துத் தச்சு வச்சிருக்கா. பெத்த பிள்ளை ஒரு வார்த்தை கேட்டானா? மூணு ஞாயிறு போயாச்சு. அவர் ஃபோன் ஆஸ்பத்திரியில விழுந்து உடைஞ்சுபோச்சாம், லேண்ட்லைன்ல வெளிநாடு கிடைக்காதாம், அவனுக்கு ஜோலித் திரக்காம், நேரமே இல்லையாம். தினம் ஒரு நியாயம் சொல்றார். கல்நெஞ்சுக்காரன்! இனி அவன் வந்து கால்ல விழுந்தாலும் நான் மொகம் குடுக்க மாட்டேன்."

"அப்படிச் சொல்லாதீங்க மாமி. அவரு விளிச்சிருப்பாரு. மெஷின் ஓடாததுக்கு அவரு என்ன செய்வாரு?"

"அதான் உங்களை வரச் சொன்னேன்," என்றாள் மாமி. குரல் இறங்கிவிட்டது. "ஒருதரம் அவன் மொகத்தைப் பாத்துட்டா போறும்."

பெட்டிக்குள் டார்ச் அடித்த வேல்சாமி அப்படியே நின்றான். ரேம் இருந்த இடம் காலி. கிளிப் இரண்டும் அழகாக, அவன் சொல்லிக்கொடுத்தபடியே, விலகி இருந்தன.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கோளாறைக் கண்டுபிடித்த பெருமை விடவில்லை.

"மாமி, இது கோளாறே இல்ல. ரேமை யாரோ கழத்தி எடுத்திருக்காங்க!"

"யார் எடுப்பா? இங்கே நானும் அவரும்தானே?"

அப்பனுக்கும் மகனுக்கும் ஏதோ சண்டை, அதற்காகப் பெற்றவளைத் தண்டிக்கிறார் இந்தக் கிழவர் என்று வேல்சாமி நினைத்தான். அவனுக்கு ஆத்திரம் பொங்கியது. பையிலிருந்த தன் ரேமை எடுத்து மாட்டினான். பெட்டி கத்தாமல் கிளம்பியது. ஏதோ அப்டேட் என்று பத்து நிமிஷம் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அரைகுறை வேலை அவனுக்கு ஆகாதே, அந்த இடைவெளியில் அணைந்து கிடந்த மோடத்தையும் போட்டுவிட்டான்.

மாமிக்காகச் சுமந்த் அமைத்து வைத்திருந்த மெசேஜ் பெட்டி தானாகத் திறந்தது. பதினெட்டு நாளாகத் தேங்கிக்கிடந்ததெல்லாம் மளமளவென்று வந்து விழுந்தது. மேலே ஒரு படம் விரிந்தது. சுமந்த் சிரித்துக்கொண்டிருந்தான். படத்தின் கீழே சிவப்பு ரோஜாவும் விளக்கும், மலையாளத்தில் பெரிதாக 'ஆதராஞ்சலிகள்' என்ற எழுத்தும். இந்த ஊரில் முச்சந்திக்கு முச்சந்தி, செத்தவர் படத்துக்குக் கீழே இந்த எழுத்தைப் பார்த்தவன் வேல்சாமி.

மாமி நாற்காலியிலிருந்து எழுந்தாள். மலையாள எழுத்து அவளுக்குத் தெரியாது. முகம் தெரிந்துவிட்டது.

"சுமந்தா? சுமந்த்தானே? விளிக்கறானா? நாற்காலியைக் கிட்டக்க போடுங்கோ. டேய் சுமந்த், அம்மாடா!"

வேல்சாமி சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினான். திரை இருண்டது.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மருந்துப் பையோடு சேஷன் நின்றுகொண்டிருந்தார். திறந்த பெட்டியையும் அவன் கையிலிருந்த பிளக்கையும் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. போன வாரம் வாசல்வரை வந்தபோதும் இதே பார்வைதான் என்று வேல்சாமிக்கு இப்போதுதான் புரிந்தது.

"என்னாச்சு? மொகம் வந்துதே, எங்கே போனான்?"

"போச்சு மாமி," என்றான் வேல்சாமி. "மதர்போர்டு போச்சு."

மாமி உள்ளங்கையை நீட்டினாள்.

"போனதைக் கையில குடுங்கோ. எப்பவும் குடுப்பேளே."

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. மதர்போர்டைக் கழற்ற ஒன்பது ஸ்க்ரூ. கைக்குச் சட்டென்று வந்தது ரேம்தான். அதைக் கழற்றி அவள் கையில் வைத்தான்.

மாமி ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை விரலால் தடவினாள். பிறகு விரல்களை மூடிக்கொண்டாள்.

"சூடாயிருக்கே, வேல்சாமி."

வேல்சாமி தலையைக் குனிந்துகொண்டான். மாமி வாசல் பக்கம் திரும்பினாள்.

"நீங்கதானே கழத்தி எடுத்தேள்? நான் அவனைப் பாக்கப்படாதுன்னு?"

"சீதா, நீ முதல்ல உக்காரு..."

"என் பிள்ளை என்னிக்குப் போனான்?"

சேஷன் மருந்துப் பையை நெஞ்சோடு அணைத்தபடி சுவரில் சாய்ந்தார். "நீ ஐசியூல இருக்கறச்சே. மஸ்கட்ல வண்டி தலைகீழா மறிஞ்சு... காரியம் எல்லாம் அங்கேயே முடிஞ்சுபோச்சு. அதிர்ச்சி ஆகாதுன்னு டாக்டர் சொன்னாரே. வியாழக்கிழமை செக்கப் முடிஞ்சதும் சொல்லலாம்னு இருந்தேன், சீதா."

வேல்சாமி அவள் தையலையே பார்த்துக்கொண்டிருந்தான். அது கிழிந்துவிடுமோ என்று பயந்தான். மாமி அழவில்லை, விழவில்லை. மூடிய கையோடு நாற்காலியைத் தடவி உட்கார்ந்தாள்.

"இத்தனை நாளும் அவனை வாய்க்கு வந்தபடி வஞ்சுண்டிருந்தேனே," என்றாள். "பக்கத்துல உக்காந்து கேட்டுண்டுதானே இருந்தேள். ஒருதரம் தடுத்தேளா?"

வேல்சாமி பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினான். ரேம் அவள் கைக்குள்ளேயே இருந்தது.