இலுப்பைக்கடவைக்குப் போன ஓர்கன்

ஓர்கனின் பெரிய குழல்களைப் பழைய வலையில் சுற்றி லொறியில் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே அமிர்தநாயகத்தின் சவப்பெட்டி கோவில் வாசலுக்கு வந்துவிட்டது.

"ஏத்தினது காணும், நிப்பாட்டுங்கோ," என்றாள் அவர் மனைவி மாக்கிறட். "ஓர்கன் வாசிக்காமல் இவருக்கு அடக்கம் இல்லை."

பக்கத்தில் நின்ற மகள் பெற்றிசியா திகைத்தாள். அந்த ஓர்கனை 'மூத்த பெண்சாதி' என்று திட்டிவந்தவள் அம்மாதான்.

துரைமார் சீமைக்குப் போனபின் மலைநாட்டில் பூட்டிக் கிடந்த கோவிலொன்றிலிருந்து அதை ரயிலில் கொண்டுவந்தவர் அப்பா. பிறகு வேறு ஒருவரையும் தொட விடவில்லை. நன்றாக வாசித்தார் என்று ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள். சத்தமாக வாசித்தார். அவர் படுக்கையில் விழுந்ததும், எதிலும் ஒத்துப்போகாத கோவில் சபை, ஓர்கனை இலுப்பைக்கடவையின் புதுக் கோவிலுக்குக் கொடுக்க ஒருமனதாகத் தீர்மானித்தது.

"அக்கா, பாதிக் குழல் லொறியில கிடக்கு," என்றார் பங்குக் குரு எட்வேட் சுவாமி.

"மிச்சப் பாதியில வாசிக்கலாம்."

"ஆர் வாசிக்கிறது?"

மாக்கிறட் மகளைப் பார்த்தாள். பெற்றிசியாவுக்கு ஆர்மோனியம் கொஞ்சம் தெரியும்.

ஓர்கனுக்குக் காற்றூதும் துருத்தியை அடிக்க லொறிச் சாரதி சரிபுதீன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "எப்ப நிப்பாட்டுறது, தங்கச்சி?"

"நான் கை காட்டுவன், சரிபுதீன் நானா."

கீழ்ச் சுரங்கள் இல்லாததால் துக்கப் பாட்டு கல்யாண ஊர்வலம்போலக் கீச்சிட்டது. வாங்குகளில் இருந்தவர்களின் தோள்கள் அடக்கிய சிரிப்பில் குலுங்கின. பாட்டு முடிந்தது, ஒரு கட்டை மட்டும் ஒட்டிக்கொண்டு கத்தியது. பெற்றிசியா கை காட்டினாள். போதாது என்கிறாள் என்று நினைத்து சரிபுதீன் இன்னும் வேகமாக அடித்தார்.

சுவாமி அதற்கு மேலால் பிரசங்கம் செய்து பார்த்தார். "எங்கள் சகோதரர் அமைதியை விரும்பியவர்" என்ற இடத்தில் முன்வாங்கில் யாரோ தும்முவதுபோலச் சிரித்தார்கள்.

மாக்கிறட் எழுந்தாள். நேரே வந்து, ஓர்கனின் இடப்பக்கக் கீழ்ப்பலகையில் வெறுங்காலால் ஓங்கி ஒரு உதை விட்டாள்.

சத்தம் நின்றது.

"இவர் இப்பிடித்தான் செய்யிறவர்," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்ப் பெட்டியருகே இருந்தாள்.

அடக்கம் முடிந்து சேமக்காலையிலிருந்து எல்லாரும் வீடு திரும்பியபோது லொறி மிச்சக் குழல்களையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டிருந்தது. மாக்கிறட் கதிரையில் நிமிர்ந்து இருந்தாள். "இன்னும் ஒரு சொட்டு அழேல்லை," என்று பேசாலையிலிருந்து வந்த மாமி குசினி அடுப்பருகே கிசுகிசுத்தாள்.

தாயின் பெருவிரல் நீலம் பாரித்து வீங்கியிருந்ததைப் பெற்றிசியா அப்போதுதான் கண்டாள். பேசினில் சுடுதண்ணீர் கொண்டுவந்து காலை எடுத்து வைத்தாள்.

"நோகுதா அம்மா?"

"ஓம்," என்றாள் மாக்கிறட். "சரியா நோகுது." கண்ணீர் கன்னத்தில் இறங்கி மடியில் விழுந்தது. அவள் துடைக்கவில்லை.

மாமி பனடோல் குளிசை தேடி ஓடினாள். பெற்றிசியா பாதத்தைப் பிடித்தபடியே இருந்தாள். தண்ணீர் எப்போதோ ஆறிப்போயிருந்தது.