சிவப்பு மேடத்தின் வெளிச்சம்

வானியல் மையத்தில் அவளுக்கு வைத்த பெயர் சிவப்பு மேடம். இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதினால் முதலில் நீல வெளிச்சம் வரும், ஓரிரு நாளில் அது மங்கிவிடும், அதற்குப் பிறகுதான் ஆட்டமே என்று வாய் ஓயாமல் சொல்வாள். தங்கம், பிளாட்டினம் மாதிரி கனமான தனிமங்கள் அந்த மோதலில் நிறைய உருவாகியிருந்தால், சிதறிய பொருள் நீல ஒளியை விழுங்கிவிட்டு மங்கிய சிவப்பை மட்டும் வெளியே விடும். அந்தச் சிவப்புக்காக வருடக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு கணக்குப் போட்டிருந்தாள்.

ஒரு நாள் மோதல் வந்தேவிட்டது. நீலம் அவள் சொன்னபடியே மங்கியது. அகச்சிவப்புக் கேமரா உள்ள பெரிய தொலைநோக்கியை உடனே கேட்டாள். நேரம் ஒதுக்கும் குழு கைதூக்கி வாக்கெடுத்து, முடியாது என்றது. அந்தக் குழுவில் அவள் கணவனும் ஒருவன். கேட்பவரின் சொந்தக்காரர் வாக்கெடுப்பின்போது எழுந்து வெளியே போய்விடுவது அங்கே வழக்கம்.

"நான் வெளியதான் நின்னேன். உள்ள என்ன நடந்துச்சோ," என்று அவள் தலையைத் தடவிக்கொடுத்தான். நம்பினாள். கட்டினவனை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

வெளிச்சம் அடியோடு மறைந்த பிறகு, காபி மெஷின் அருகே குழுத் தலைவி அவளிடம் வந்தார்.

"மனசுல வச்சுக்காதம்மா. பாதிப் பேர் உன் பக்கம்தான். உன் வீட்டுக்காரரை வெளிய போகச் சொன்னேன். எதிராத்தானே கை தூக்கப் போறேன், எதுக்கு வெளிய போகணும்னு உக்காந்துட்டார். ஒரு ஓட்டுலதான் போச்சு. சமமா நின்னிருந்தா நானே உனக்குக் கொடுத்திருப்பேன். அப்படி ஒரு நேர்மையான மனுஷன்."

கோடிக்கணக்கான ஆண்டுகள் நடையாய் நடந்து வந்த வெளிச்சம் அது. பத்து நிமிடம் கதவுக்கு வெளியே நிற்க மனமில்லாத ஒருவனால் பாழாய்ப் போனது.

வீட்டில் அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். கேட்டதும் மறுக்கவில்லை.

"பொண்டாட்டிக்குச் சலுகை காட்டினான்னு ஒருத்தன் பேசிடக் கூடாதுல்ல. அடுத்த தலைவர் யாருன்னு பேச்சு நடக்குது."

"என் கணக்கு தப்புன்னு நினைச்சீங்களா?"

"சேச்சே. சரின்னு எனக்குத் தெரியாதா? இன்னொரு மோதல் வராமலா போயிடும்?"

தப்பு என்று நினைத்துக் கை தூக்கியிருந்தால், நாலு நாள் சண்டை போட்டுவிட்டு மன்னித்திருப்பாள். இது பச்சைத் துரோகம். அவள் போய் வாசல் கதவைத் திறந்தாள்.

"கொஞ்சம் வெளிய நில்லுங்க. நான் ஒரு முடிவு எடுக்கணும். சொந்தக்காரங்க உள்ள இருக்கக் கூடாது."