கலங்கரை விளக்கம் வரை ஓர் ஒப்பீட்டு ஆய்வு

1.

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நடுவில் எங்காவது என் குரல் உயர்ந்தால் நீங்கள் திடுக்கிடக் கூடாது.

ஒரு பயண இதழின் ஆசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டார். "ஊர் சுத்திப் பாக்க பஸ் நல்லதா, வாடகைக் கார் நல்லதா, சின்னதா ஒரு கட்டுரை குடுங்க. ரெண்டு பக்கமும் சொல்லணும். யார் மனசும் நோகக் கூடாது." சரி என்றேன். எழுத உட்கார்ந்ததும் என் அத்தான் ஞாபகம் வந்தது. கட்டுரை அங்கேயே செத்தது.

முதல் தொடக்கம்: "பயணம் என்பது மனித மனத்தை விசாலமாக்கும் ஓர்—"

பொய். அத்தான் போகாத ஊரில்லை. ஓர் அங்குலம்கூட விசாலமாகவில்லை.

அடுத்த தொடக்கம்: "பொன்னிறக் கதிர்கள் பேருந்து நிலையத்தின் மீது மெல்ல—"

அங்கே மெல்ல இறங்கியது, கூரை ஓட்டையில் தேங்கியிருந்த முந்தின நாள் மழைத் தண்ணீர். இறங்கிய இடம் என் கழுத்து.

இன்னொன்று: "என் அக்கா கலங்கரை விளக்கத்தின் உச்சியில் ஏற ஆசைப்பட்டாள்."

இது நிஜம். இதைப் பிடித்துக்கொண்டு போவோம்.

2.

அக்கா வானிலை அலுவலகத்தில் இருந்தவள். ஜன்னல் இல்லாத அறை, ஒலிவாங்கி, சுவரில் கடலின் வரைபடம். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஓய்வு பெறும்வரை வானொலியில் கடல் எச்சரிக்கை வாசித்தாள். "கடல் கொந்தளிப்புடன் காணப்படும். மீனவர்கள் கடலுக்குள் செல்ல வேண்டாம்." கரையோரம் முழுக்கக் கேட்ட குரல். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி கடலில் கால் நனைத்ததோடு சரி.

ஓய்வு பெற்றதும், "என்னக்கா வேணும்?" என்று கேட்டேன். புடவை என்பாள், காது தோடு என்பாள் என்று நினைத்திருந்தேன்.

"அந்த லைட்ஹவுஸ் மேல ஏறணும்டா. நான் போகாதீங்க போகாதீங்கன்னு சொன்ன கடல் எவ்வளவு பெரிசுன்னு ஒரு தடவ பாத்துடணும்."

நாங்கள் கிளம்பிய நாள்தான் அங்கே பார்வையாளர்களை விடும் கடைசி நாள். மறுநாள் முதல் பழுதுபார்க்க மூடுகிறார்கள். மறுபடி எப்போது திறக்கும் என்பது அறிவிப்புப் பலகைக்கே தெரியாது. அக்காவின் முழங்காலும் இனி அதிகப் படிகளைத் தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மாலையில் வாசல் சாத்துவதற்குள் போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான். சாதாரண மனிதன் ஒருவன் கையில் கிடைத்திருந்தால் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்திருக்கும் காரியம்.

கிடைத்தது அத்தான் கையில்.

3.

அத்தான், அதாவது அக்காவின் கணவர், பொதுப் போக்குவரத்துப் பயணியர் பேரவையின் தலைவர்.*

(* "நிறுவனத் தலைவர்" என்று போடச் சொல்வார். போட மாட்டேன்.)

"பேருந்து என்பது சக்கரங்களின் மேல் ஓடும் ஜனநாயகம்" என்று அவர் மேடையில் முழங்கும்போது எனக்கே மயிர்க்கூச்செறியும். கூட்டம் முடிந்ததும் ஜனநாயகம் வெயிலில் நிற்கும். தலைவர் காரில் ஏறிப் போவார்.

[இந்தப் பாத்திரம் மிகையாக இருக்கிறதே என்று தோன்றுகிறதா? எனக்கும் தோன்றியது. நிறையக் குறைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.]

அன்று காலை நாங்கள் தங்கியிருந்த விடுதியின் சாப்பாட்டு அறையில் அத்தான் காபிக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுத் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"மச்சான், எடுத்தோம் கவுத்தோம்னு முடிவு பண்ணக் கூடாது. பஸ்ஸுன்னா சமத்துவம். காருன்னா சுதந்திரம். அடிப்படையில இது ஒரு தத்துவச் சிக்கல்."

"கிளம்புறோமா இல்லையாங்குறதுதான் சிக்கல்," என்றாள் அக்கா. செருப்பு மாட்டி, பை எடுத்து, எழுந்தே நின்றிருந்தாள்.

"பொறும்மா. அவசரப்பட்டா ஆய்வு கெட்டுடும்."

"எந்த ஆய்வு?"

அப்போதுதான் திட்டம் வெளியே வந்தது. அக்காவும் நானும் பேருந்து. அவர் வாடகைக் கார். யார் முந்துகிறார்கள், யாருக்கு அலுப்பு குறைவு என்று பார்த்து, பேரவை மாநாட்டில் கட்டுரையாக வாசிப்பார்.

"ஊரெல்லாம் பஸ்ஸப் பத்திப் பேசறது நீங்க. அப்ப நீங்கதான பஸ்ல வரணும்?"

"தலைவரே பஸ்ல வந்தா, முடிவு ஒரு பக்கமா சாஞ்சிடுச்சுன்னு சொல்வாங்கம்மா. நடுநிலைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

அக்கா என்னைப் பார்த்தாள். "ரிடையர் ஆயிட்டேன்னு நெனச்சேன்டா. சோதனைக்கூடத்துல எலி வேலை போட்டுக் குடுத்திருக்காரு."

4.

பேருந்தைத் தலையில் தூக்கி வைத்து ஆடப்போகிறேன் என்று நினைக்காதீர்கள். முதல் பேருந்து வரவே இல்லை. அடுத்தது வந்தது, எங்களைப் பார்த்தது, போய்விட்டது. நெடுநேரம் கழித்து வந்ததில் அக்காவுக்குக் கிடைத்தது சக்கரத்துக்கு மேலே உள்ள இருக்கை. முழங்கால் நெஞ்சைத் தொட உட்கார்ந்தாள். யாரோ ஒருவருடைய பை என் தோளில் நிரந்தரமாகக் குடியேறியது. வெயில் சாயத் தொடங்கிவிட்டது. சக்கரத்தின் மேல் ஓடும் ஜனநாயகத்துக்கு முதலில் ஜன்னல் கண்ணாடி திறக்க வேண்டும் ஐயா!

[குரல் உயர்ந்துவிட்டது. முன்பே சொல்லியிருந்தேன்.]

ஓட்டுநரின் தலைக்கு மேலே ஒரு ஸ்டிக்கர். "நிறுத்தம் அல்லாத இடத்தில் நிறுத்தச் சொல்வது சக பயணிகளுக்குச் செய்யும் துரோகம்." கீழே பேரவையின் பெயர். அதற்கும் கீழே, வாசகத்தைவிடப் பெரிதாக, அத்தானின் சிரித்த முகம்.

"இங்கயும் வந்துட்டாரு பாரு," என்றாள் அக்கா.

5.

கடற்கரைச் சாலைக்குத் திரும்பியதும் கலங்கரை விளக்கம் தெரிந்தது. வெள்ளையும் சிவப்புமாக, பக்கத்தில். அக்கா என் கையைப் பிடித்தாள். வாசலில் இன்னும் ஆட்கள் நுழைந்துகொண்டிருந்தார்கள்.

அதற்கு முன்னால், சாலை ஓரத்தில், வாடகைக் கார்.

என்ன ஆயிற்று என்பதைப் பிற்பாடு அவரே பெருமையாகச் சொன்னார். எடுத்தபோது இருந்த அளவு பெட்ரோலோடு காரைத் திருப்பித் தர வேண்டும் என்பது வாடகை நிபந்தனை. எடுத்தபோது டாங்கியில் இருந்தது சொட்டு. அதற்கு மேல் ஒரு சொட்டு போட்டாலும் கம்பெனிக்குத் தானம் என்று வழியில் இருந்த ஒவ்வொரு பெட்ரோல் பங்க்கையும் கொள்கையோடு கடந்திருக்கிறார்.

இப்போது நடுச்சாலையில் நின்று இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டிருந்தார். அங்கே நிறுத்தம் கிடையாது. காலடியில் கேமரா முக்காலி, மடக்கு நாற்காலி, மாநாட்டுப் பதாகை, இரண்டு பெட்டிகள். அத்தனையும் ஏற வேண்டும். ஏறியபின், நிறுத்தியது விதிப்படி சரியா என்று ஓட்டுநருக்கு வகுப்பு நடக்கும். அதற்குள் வாசல் சாத்திவிடும். எனக்குத் தெரிந்தது அக்காவுக்குத் தெரியாதா?

6.

முடிவுக்கு வந்துவிட்டோம். என்னிடம் இரண்டு இருக்கின்றன.

(அ) இதழாசிரியர் கேட்டது: பேருந்து நிற்கிறது. அத்தான் ஏறித் தன் ஸ்டிக்கரையே பார்த்து வெட்கத்தோடு சிரிக்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். மூவரும் உச்சியில், சூரியன் மறை— "சார், படிக்கறவங்க கண்ணு கலங்கிடும்," என்றார் ஆசிரியர். அந்த வரியை நான் முடிக்கவே இல்லை.

(ஆ) நான் எழுதியது: பேருந்து நிற்காமல் போகிறது. அத்தான் மீது புழுதி. பல பத்திகளுக்குப் புழுதி. அனுபவித்து எழுதினேன். அக்காவுக்குப் படித்தும் காட்டினேன்.

கேட்டு முடித்ததும் காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்தாள்.

"டேய், உன் கோவத்துக்கு என் வாய கடன் கேக்காத. பஸ்ல உக்காந்திருந்தது நான். அந்தாளோட குடும்பம் நடத்தறதும் நான். அன்னிக்கு நான் சொன்னது என்னோடது. அத எழுதாத."

"அப்ப முடிவுக்கு என்னக்கா பண்றது?"

"உனக்குத்தான் நெறைய வாசகருங்க இருக்காங்களே. அவங்க சொல்லட்டும்."

7.

ஆகவே, நீங்கள்.

பேருந்து வேகம் குறைந்து ஊர்கிறது. விலகிப் போக இடம் இருக்கிறது. வெளியே இருந்து அத்தான் ஜன்னலைத் தட்டுகிறார். "ஏம்மா! பாத்துக்கிட்டே இருக்கியே, நிறுத்தச் சொல்லும்மா!"

ஓட்டுநர் கண்ணாடியில் அக்காவைப் பார்க்கிறார். "உங்க வீட்டுக்காரராம்மா? நிறுத்தவா, போகவா?"

பேருந்தில் இருந்த அத்தனை தலைகளும் அவள் பக்கம் திரும்புகின்றன. அக்கா ஸ்டிக்கரைப் பார்க்கிறாள். ஜன்னலைப் பார்க்கிறாள். சாலைக் கோடியில், காவலாளி வாசல் கதவின் ஒரு பாதியைச் சாத்திவிட்டு மறு பாதிக்கு நடக்கிறான். மேலே, கோபுரத்தைச் சுற்றிய கம்பிக்கு அப்பால், அவள் வாசித்து வாசித்து, முழுசாகப் பார்க்காமலே போன கடல்.

எச்சரிக்கை வாசிப்பதற்கு முன் அந்த ஜன்னலில்லாத அறையில் செய்வது போல, அக்கா ஒரு முறை தொண்டையைச் செருமுகிறாள்.

நான் வாயை மூடிக்கொண்டேன். ஓட்டுநர் கேட்டுக்கொண்டிருக்கிறார். சொல்லுங்கள், சீக்கிரம். நடுநிலை மட்டும் வேண்டாம்.