பனிக்கட்டிப் பால்

செயின்ட் பால் நகரத்து மருத்துவமனையில் பிள்ளை பெற்ற, மலைநாட்டிலிருந்து அகதிகளாக வந்த எங்கள் மோங் இனப் பெண்களுக்கு மூன்றாம் நாள் பால் பனிக்கட்டியாக வந்தது. மிளகளவு கட்டிகள், தரையில் விழுந்தால் சத்தம் கேட்கும். மருத்துவமனை அதைப் பால் சுரப்புக் குறைவு என்று எழுதிக்கொண்டு, புட்டிப்பாலைக் கொடுத்து அனுப்பியது. பதினோரு வருடம் இப்படியே போயிற்று. யாரைக் குறை சொல்ல? பிள்ளை பெற்றவள் முப்பது நாள் சுடுசோறு, மூலிகை போட்ட கோழிச் சாறு, சுடுதண்ணீர் தவிர எதையும் தொடக் கூடாது என்பது எங்களில் எல்லோருக்கும் தெரியும். அங்கேயோ பிரசவம் முடிந்த கையோடு ஒரு பெரிய குவளை ஐஸ் தண்ணீர்.

அங்கே பிரசவித்த பா கூ மூவா என்பவளின் பெண் குழந்தை மூன்றே நாளில் பத்தில் ஒரு பங்கு எடை இழந்திருந்தது. காலைக்குள் ஏறாவிட்டால் புட்டிதான் என்றார் டாக்டர். மூத்தவனுக்கே தாய்ப்பால் கொடுக்க முடியாமல் போன வேதனை பா கூவுக்கு இன்னும் ஆறவில்லை. கணவன் சூ காய்ச்சிக் கொண்டுவந்த கோழிச் சாற்றை, கெட்டுவிடப் போகிறதே என்று நர்ஸ் அக்கறையாகக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டார்.

தாய்மார்களுக்குத் துணையாக மருத்துவமனை புதிதாக நியமித்த எங்கள் கியா லோர், அன்றைய ஆறாவது தாயாக இவளைப் பார்க்க வந்து, நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"ஏம்மா, ஐஸ் தண்ணி வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"அவ்வளவு அன்பா குடுத்தாங்கக்கா. எப்படிச் சொல்றது?"

"அன்பா குடுத்தா விஷத்தையும் குடிப்பியா?"

கியா கட்டிலருகே இருந்த ஐஸ் தண்ணீரைக் கைகழுவும் தொட்டியில் கொட்டினாள். பக்கத்தில் நின்ற நர்ஸின் முகம் வாடிவிட்டது.

"எங்ககிட்ட யாருமே சொல்லலையே."

"நீங்க யாரும் கேக்கலையே," என்றாள் கியா, கோபப்படக்கூடத் தெம்பில்லாமல்.

நர்ஸே ஓடிப்போய்க் கோழிச் சாற்றைச் சுடவைத்துக் கொண்டுவந்தார். பா கூ மூன்று கிண்ணம் குடித்தாள். நான்கு மணிக்கு முதல் சொட்டு விழுந்தது; குழந்தை இருபது நிமிடம் வாயை எடுக்கவில்லை. மறுநாள் தராசு நாற்பது கிராம் கூடுதலாகக் காட்டியது. அதன் பிறகு அந்த வார்டில் எங்களவர்களுக்குச் சுடுதண்ணீர்தான்.

முதல் சொட்டு விழுந்த அன்று கியா மதியம் சாப்பிட்டிருக்கவில்லை. மிச்சமிருந்த சாற்றைக் குடித்துவிட்டுத்தான் கிளம்பினாள். பேருந்தில் அவள் சட்டை பாலில் நனைந்தது. பதினோரு வருடத்துக்கு முன் அந்த மருத்துவமனையில் முதன்முதலாகப் பால் உறைந்து போனது அவளுக்குத்தான். அந்த மகன் இப்போது ஐந்தாம் வகுப்பு. அழுகை வந்தது, அழுதாள். பிறகு கோட்டை இழுத்துப் பொத்தான் போட்டுக்கொண்டு, ஏழாவது தாயின் வீட்டு நிறுத்தத்தில் இறங்கினாள்.