கொலைக்கு உதவாத கத்தி

1

இந்தக் கதை ஒரு கொலைக்காகத் தொடங்கியது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வார இதழுக்குத் துப்பறியும் தொடர் எழுதிக்கொண்டிருந்தேன். அடுத்த அத்தியாயத்தில் பிணம் விழ வேண்டும். பிணம் தயார். பிணத்தின் மைத்துனர் தயார். அவருக்கான காரணமும் தயார். ஆயுதம் மட்டும் அமையவில்லை. விஷத்தைப் போன தொடரிலேயே செலவழித்துவிட்டேன்.

கிள்ளானில் நான் பல் வைத்தியத்துக்குப் போகும் கிளினிக்கில் தாதியாக, அதாவது நர்ஸாக, இருப்பவள் வெரோனிகா. என் வாயிலிருந்து பஞ்சை எடுத்ததும் அவளிடம் புலம்பினேன்.

“கத்தியா வேணும்? ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் பிரிக்பீல்ட்ஸ் வாங்கக்கா. நாங்க மூணு பேரு இருக்கோம். கத்தின்னா எங்களுக்கு உயிரு.”

[இப்படி ஒருத்தி சொன்ன பிறகும் ஏன் போனேன் என்று கேட்காதீர்கள். எழுதுகிறவர்களுக்கு அந்த அளவு புத்தி கிடையாது.]

2

பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் மாடி. சாப்பிட்டு முடித்து, மேசையைத் துடைத்து, புதிதாக ஓர் இலையைப் போட்டு, அதன் மேல் கத்திகளைப் பரப்பியிருந்தார்கள். எல்லாம் உள்ளங்கைக்குள் அடங்கும் மடக்குக் கத்திகள். ஒவ்வொன்றிலும் இரண்டு அலகுகள், ஒன்று பெரிது, ஒன்று சிறிது. இரண்டும் ஒரே முனையில் பிணைந்திருக்கும். ஒரே வாசல் வழியாக வெளியே வரும் அண்ணன் தம்பி மாதிரி. அப்படி இருந்தால்தான் அதற்கு ‘ஜேக்’ என்று பெயர்.

“ரெண்டு பிளேடு எதுக்கு?” என்று கேட்டேன்.

ஐவன் பதில் சொன்னான். ரயில் பராமரிப்பில் வேலை செய்யும் இளைஞன். “பெரிசு ஊருக்கு, சின்னது எனக்கு. பெட்டி, கயிறு எல்லாம் பெரிசு பார்த்துக்கும். சின்னதைப் பழத்துக்கு மட்டும்தான் திறப்பேன்.”

வெரோனிகா கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு கத்தியாகத் திறந்தாள். டக். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அலகைக் கவ்வும் சத்தம். “இவன் நல்லா பேசுறான்,” என்றாள் கத்தியைத் தட்டி. அடுத்தது. “இது முணுமுணுக்குது லா.” எலும்புக் கைப்பிடி சிறந்ததா, மரமா என்று ஐவனோடு சண்டை போட்டாள். ஓர் அலகின் மீது புறாக் கழுத்து போல நீலமும் சாம்பலும் ஓடியிருந்தன. துருவா என்று நான் கேட்டதற்கு மூன்று பேரும் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள். வருடக்கணக்காக மாம்பழம் வெட்டி வெட்டி எஃகில் ஏறிய நிறமாம் அது. எந்தக் கடையிலும் வாங்க முடியாதாம்.

நான் வந்த வேலையைக் கேட்டேன். “இதால ஒரு ஆளைக் குத்த முடியுமா?”

மூன்றாவது ஆள் முகுந்தன். அதுவரை பேசாமல் இருந்தவர் மேசை குலுங்கச் சிரித்தார். “அக்கா, இதுல லாக் கிடையாது. குத்தினா மடங்கி உங்க விரலைத்தான் வெட்டும். கொலைகாரன் அழுதுகிட்டே கிளினிக்குக்குப் போவான்.”

“எங்க கிளினிக் வேணாம்,” என்றாள் வெரோனிகா.

அதோடு என் ஆயுதம் போனது. காப்பியைக் குடித்துவிட்டு நான் கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். மூவரில் நல்ல கத்திகள் முகுந்தனுடையவை என்று மற்ற இருவரும் சொல்கிறார்கள். இலை மேல் அவருடையது ஒன்றுகூட இல்லை. அவர் கைப்பேசியில் படங்களை மட்டும் காட்டினார்.

3

முகுந்தனை வைத்து நான் எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

முகுந்தன் கத்தியை உருவினான். அவன் கண்களில்—

(வேண்டாம்.)

பண்டமாரானில் முகுந்தன் என்றால் குழந்தைகள்கூட—

(இதுவும் வேண்டாம். அவர் வட்டாரத்துக் குழந்தைகளுக்கு அவரைப் பிடிக்கும்.)

பிரச்சினை அவருடைய உருவம். கதவை அடைக்கும் உயரம், கரிய நிறம், அடர்ந்த மீசை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு லோரி கம்பெனியில் வண்டிகளை அனுப்பிவைக்கும் வேலை. இப்படி ஒருவரின் கையில் கத்தியைக் கொடுத்தால் வாசகர் தானாகவே ரத்தத்துக்குக் காத்திருப்பார். தமிழில் நமக்கு ஒரு வசதி உண்டு. நான் ‘அவன்’ என்று எழுதியிருந்த இடங்களில் எல்லாம் ‘அவர்’ என்று மாற்றிப் பார்த்தேன். வாக்கியம் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தது. அதற்கு மேல் அந்த வாக்கியங்களால் யாரையும் கொல்ல முடியவில்லை.

கத்திகளை ஏன் கொண்டுவருவதில்லை என்று அவரிடமே கேட்டேன். சில வருடங்களுக்கு முன், வேலை முடிந்து வரும் வழியில் போலீஸ் ரோட்பிளாக்கில் நிறுத்தினார்களாம். மதியம் ஆப்பிள் வெட்டிய ஜேக் சட்டைப் பையில் இருந்தது. நிலையத்துக்குக் கூட்டிப்போய், விசாரித்து, பொழுது சாய்வதற்குள் அனுப்பிவிட்டார்கள். கத்தியையும் திருப்பிக் கொடுத்தார்கள்.

“தப்பா ஒண்ணும் நடக்கலக்கா. எதிர் பெஞ்சுல ஒரு ஆன்டி இருந்தாங்க. நம்ம ஆளுதான். என்னைப் பார்த்ததும் கைப்பையை மடிக்குள்ள இழுத்து வெச்சுக்கிட்டாங்க. அதுக்கப்புறம் வெளியில எடுக்கத் தோணல.”

அன்றிலிருந்து படுக்கையறைக்குள் மட்டும்தான் கத்தியைத் திறக்கிறார். “மாம்பழம் சாப்பிடக்கூடக் கதவைச் சாத்திக்கிறாரு,” என்று அவர் மனைவி லோகேஸ்வரி பிறகு என்னிடம் சொன்னார்.

4

பெட்டாலிங் ஜெயாவில் ஒரு சமூக மண்டபத்தில் பொழுதுபோக்குக் கண்காட்சி நடக்கப்போவதை ஐவன்தான் கண்டுபிடித்தான். தபால்தலை, ஆர்க்கிட், மீன் தொட்டி என்று ஆளுக்கொரு மேசை. நமக்கும் ஒன்று கேட்போம் என்றாள் வெரோனிகா. காவல் நிலையத்தில் கேட்டாள். பெட்டியில் கொண்டுவந்து, மண்டபத்துக்குள் மேசையில் வைத்து, பக்கத்திலேயே ஆள் இருந்தால் சரி என்றார்கள். ஆனால் மண்டபக் குழுவின் தலைவி தங்கமணி சரி என்று சொல்லவில்லை.

நாங்கள் நால்வரும் போயிருந்தோம்.

“ஏற்கெனவே நம்மளை வெளியில எப்படிப் பேசுறாங்கன்னு தெரியும்ல?” என்றார் தங்கமணி. “யாராவது போட்டோ எடுத்து வாட்ஸ்அப்புல போட்டா நான்தான் பதில் சொல்லணும். கண்ணாடிப் பெட்டியில பூட்டி வைக்கிறதுன்னா வைங்க.”

“பூட்டி வெச்சா சத்தம் எப்படிக் கேக்கும் மேடம்?” என்றான் ஐவன்.

[தங்கமணியை வில்லியாக்க முயன்றேன். முடியவில்லை. அவர் பயந்ததில் பாதி நியாயம்.]

முகுந்தன் தண்ணீர் எடுக்க அந்தப் பக்கம் போனதும் தங்கமணி குரலைத் தாழ்த்தினார். “சரி, திறந்தே வைங்க. ஆனா தப்பா நினைக்காதீங்க, அந்தப் பெரிய ஆளு மட்டும் மேசையில உக்கார வேணாம். பார்க்கிறவங்க பயப்படுவாங்க.”

முதல் பிரதியில் இந்த இடத்தில் வெரோனிகாவுக்கு அரைப் பக்க வசனம் எழுதினேன். அவள் உண்மையில் சொன்னது இவ்வளவுதான்: “அவரு இல்லாட்டி மேசையே வேணாம்.”

தங்கமணி மேசைப் பட்டியலில் எங்கள் பெயரை எழுதினார். “ஒரே ஒரு கம்ப்ளெய்ன்ட் வந்தாலும் மூடிருவேன்.”

காரில் ஏறினோம். முகுந்தன்தான் பேச்சை ஆரம்பித்தார். “எனக்குக் கேட்டுச்சு வெரோக்கா. என் காதும் பெரிசுதான்.”

“அப்ப நான் சொன்னதும் கேட்டிருக்கும்.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்காட்சிக்கு வருவாரா, மாட்டாரா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

5

வந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, கத்திகளை நீலத் துணியில் சுற்றி, ஒரு மரப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார்.

இந்த நாளுக்கு நான் எழுதிக் கிழித்த காட்சிகள் இரண்டு. ஒன்றில், மண்டபத்துக்கு வெளியே கார் விபத்து. சீட் பெல்டை அறுத்து முகுந்தன் ஒரு பெண்ணைக் காப்பாற்றுகிறார். எல்லோரும் கை தட்டுகிறார்கள். நானும் தட்டினேன், பிறகு வெட்கமாகிவிட்டது. ஓர் உயிரைக் காப்பாற்றினால்தான் அவர் மேசைக்குப் பின்னால் உட்காரலாமா? மற்றதில் ஒரு குடிகாரன் வந்து—

(அவனும் வேண்டாம். நடந்ததையே சொல்கிறேன்.)

காலையில் யாரும் வரவில்லை. மீன் தொட்டிகளைச் சுற்றிக் கூட்டம். எங்கள் மேசைக்கு அருகில் வந்தவர்கள் முகுந்தனைப் பார்த்துவிட்டு மெல்ல வளைந்து போனார்கள். அவர் கைகளை மேசைக்கு அடியில் வைத்திருந்தார். “நான் வேணா காருல இருக்கேன்,” என்று எழுந்தார்.

“உக்காருங்க,” என்றாள் வெரோனிகா.

அப்போது பக்கத்து ஆர்க்கிட் மேசையிலிருந்து மாரியாயி அம்மா வந்தார். வயதானவர். கையில் ஒரு கொய்யா. நேராக முகுந்தனிடம் நீட்டினார்.

“தம்பி, பசிக்குது. இதை வெட்டிக் குடு. மெலிசா வெட்டு, எனக்குப் பல்லு இல்ல.”

முகுந்தன் வெரோனிகாவைப் பார்த்தார். பிறகு பெட்டியிலிருந்து ஒரு ஜேக்கை எடுத்து, சின்ன அலகின் பள்ளத்தில் நகத்தை மாட்டி இழுத்தார்.

டக்.

அந்தப் பெரிய விரல்களுக்குள் அந்தச் சின்ன அலகு மறைந்தே போனது. கொய்யாவிலிருந்து துண்டுகள் கண்ணாடிக் காகிதம் போல விழுந்தன. மாரியாயி அம்மா ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “ஏ, இது வழியா உன் மூஞ்சி தெரியுதுப்பா.” வாயில் போட்டுக்கொண்டு, தம் மேசைப் பெண்களைக் கூப்பிட்டார். “வாங்கடி, இந்தத் தம்பி எப்படி வெட்டுதுன்னு பாருங்க.”

அவர்கள் வந்தார்கள். தபால்தலைக்காரர்கள் வந்தார்கள். ஒரு சீனப் பெரியவர் ‘டக்’ சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டார். கொய்யா தீர்ந்ததும் ஐவன் ஓடிப்போய் மாம்பழம் வாங்கிவந்தான். மேசைக்கு முன்னால் வரிசை நின்றது. முகுந்தன் ஒவ்வொருவருக்கும் கத்தியின் ஊர், வயது, குணம் எல்லாம் சொல்லிக்கொண்டே வெட்டினார். அந்த வாயில் இத்தனை பேச்சு இருந்தது எங்களுக்கே தெரியாது.

கூட்டத்தைப் பார்த்துத் தங்கமணி வேகமாக வந்தார். புகார்தான் என்று நினைத்து வெரோனிகா எழுந்து நின்றாள். முகுந்தன் வெட்டுவதை நிறுத்தினார்.

தங்கமணி மேசையைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். “அந்தச் சத்தம் எதுல வருது?”

முகுந்தன் கத்தியை மடக்கி, கைப்பிடிப் பக்கமாக நீட்டினார். தங்கமணி முயன்றார், அலகு அசையவில்லை. “நகத்தை இந்தப் பள்ளத்துல வைங்க மேடம். பயப்படாதீங்க, மெதுவா இழுங்க.”

டக்.

தங்கமணியின் முகத்தில் ஒரு பதினைந்து வயதுப் பெண் வந்து போனாள். மறுபடி மூடினார். மறுபடி திறந்தார். பின்னால் நின்றவர், “மேடம், வரிசையில வாங்க,” என்றார்.

அவர் கத்தியைத் திருப்பிக் கொடுத்தார். மேடைக்குப் போய் மைக்கைப் பிடித்தார். “கத்தி மேசைய வாசலுக்குப் பக்கத்துல மாத்துறோம். இங்க இடம் பத்தல. கொஞ்சம் வழி விடுங்க.”

மேசையை முகுந்தன் தனியாகவே தூக்கினார்.

6

இதழாசிரியர் கேட்டார்: “எல்லாம் சரி. ரத்தம் எங்கே?” தொடரை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். எனக்கு வருத்தமில்லை.

உங்களுக்கும் ஒரு முடிவு வேண்டும் என்று தெரியும். கண்காட்சி முடிந்த மாலை முகுந்தன் வீட்டுக்குப் போன வழியில் என்ன நடந்தது, தங்கமணி பிறகு மன்னிப்புக் கேட்டாரா, லோகேஸ்வரி என்ன சொன்னார் என்றெல்லாம் கேட்பீர்கள். நான் எழுதப்போவதில்லை. வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே நிபந்தனை, யார் விரலிலும் ஒரு கீறல்கூட விழக்கூடாது.

நான் கதையை விட்டுப் போகும் இடம் இது: நண்பகல், மண்டபத்து வாசலின் உள்பக்கம், திறந்த கதவு வழியே முழு வெயில். முகுந்தன் நாற்காலியைத் தள்ளிவிட்டுத் தம் முழு உயரத்துக்கும் எழுந்து நிற்கிறார். இடது கையில் பாதி மாம்பழம், வலது கையில் திறந்த கத்தி, முழங்கை வரை சாறு. வரிசை கார் நிறுத்துமிடம் வரை போகிறது. அவர் குரல் அதன் கடைசி ஆள் வரை கேட்கிறது.

“அடுத்தது யாரு? மெலிசா வேணுமா, தடிசா வேணுமா?”