டர்போ வண்டிக்கு ஐந்து லிட்டர்

பூந்தமல்லி ஷம்ஷாத் ஒரு வண்டிக்கு மைலேஜ் சொன்னால் சொன்னதுதான். ஒரே பங்க், ஒரே குழாய், பம்ப் தானாக நின்றதும் நிறுத்திவிட வேண்டும். பங்க் ஆள் வண்டியைக் குலுக்கி இன்னும் ஒரு சொட்டு ஊற்றினாலும் அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். அந்தக் கறாருக்காகத்தான் அபிஷேக்கின் யூடியூப் கார் சேனலை ஜனங்கள் பார்த்தார்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்த அந்தச் சேனல் ஆபீசுக்கே அவளைத் தேடி வந்தார் வேலுசாமி. ஆவடியில் முப்பத்தாறு வருஷம் ஃபேக்டரி லாரி ஓட்டி ரிட்டயர் ஆனவர்.

“ஏம்மா, உன் வீடியோவ பாத்துட்டுதான் அந்த டர்போ வண்டிய வாங்கினேன். பதினெட்டு குடுக்கும்னியே, எனக்குப் பதிமூணுதான் குடுக்குது. ‘அந்தம்மா ஓட்டுனா பதினெட்டு, நீ ஓட்டுனா பதிமூணா? உனக்கு வயசாயிடுச்சி’ன்னு எம்புள்ள சாவிய புடுங்கி வச்சிக்கினான். நான் இன்னாம்மா தப்பா ஓட்றேன்?”

ஷம்ஷாத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் எப்போது பதினெட்டு என்றாள்? சின்ன எஸ்யூவி இரண்டை ஒப்பிட்ட வீடியோ அது. டர்போ இல்லாத வண்டி பாடி மேம்பாலத்தில் ஏற முனகினாலும் லிட்டருக்குப் பதினாறு கொடுத்தது. டர்போ நாலு பேரை ஏற்றிக்கொண்டும் பிய்த்துக்கொண்டு போனது, ஆனால் நெரிசலில் பதிமூன்றைத் தாண்டவில்லை. அதைத்தான் அவள் சொன்னாள். போனில் வீடியோவைப் போட்டுப் பார்த்தால், “டர்போ, லிட்டருக்குப் பதினெட்டு” என்றது அவளுடைய குரலே.

உள்ளே போய் அபிஷேக்கின் லேப்டாப்பைப் படாரென்று மூடினாள்.

“இன்னாடா பண்ணி வச்சிருக்க?”

“கத்தாதீங்கக்கா. ஷோரூம்காரங்க விளம்பரம் தர்றாங்க. உங்க நம்பர் ஃபைல்ல இருந்து எடுத்து ஒட்டிட்டேன்.”

அந்த ஃபைல் அவள் கொடுத்ததுதான். ஹாரன் சத்தத்தில் எண் கேட்காமல் போனால் ஒட்டிக்கொள்ளட்டும் என்று, ஒன்றிலிருந்து நூறு வரை ஒரே மூச்சில் பேசிப் பதிவு செய்து தொலைத்திருந்தாள். புத்தி கெட்டவள்! தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

“உண்மையச் சொல்லி இன்னொரு வீடியோ போடு. இப்பவே.”

“அதுவும் உங்க குரல், இதுவும் உங்க குரல். எதைக்கா நம்புவாங்க?” என்று சிரித்தான் பாவி.

அந்தச் சிரிப்பில் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சோதனைக்கு வந்து நின்ற டர்போ வண்டியைப் பக்கத்து ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப்போய் டேங்க்கைச் சுத்தமாக வடிக்கச் சொன்னாள். வேலுசாமியின் கண்ணெதிரே ஐந்து லிட்டர் பெட்ரோலை அளந்து ஊற்றினாள். மீட்டரைச் சைபருக்குக் கொண்டுவந்து, அது தெரிகிற மாதிரி போனை மாட்டி, தன் சொந்தப் பக்கத்தில் லைவ் போட்டாள்.

“ஐயா, நீங்க ஓட்டுங்க. வண்டி தானா நிக்கிற வரைக்கும் ஓட்டுங்க. என் வாயை இனிமே எவனும் நம்ப வேணாம். மீட்டர பாக்கட்டும்.”

அம்பத்தூரிலிருந்து ஆவடி, ஆவடியிலிருந்து பூந்தமல்லி, திரும்ப அதே வழி, மறுபடியும் பூந்தமல்லி. மனுஷர் ஒரு வீண் பிரேக் போடவில்லை, என்ஜினை ஒரு தரம்கூட உறுமவிடவில்லை. இவர் கையிலிருந்தா சாவியைப் பிடுங்கினான்? பார்க்கப் பார்க்க அவளுக்கு அவருடைய மகன் மேலேயும் ஆத்திரம் வந்தது. அபிஷேக் ஒன்பது தரம் கூப்பிட்டான். ஒன்பது தரமும் கட் செய்தாள்.

அங்கிருந்து ஆவடி திரும்பும்போது, பருத்திப்பட்டு தாண்டுவதற்குள் வண்டி ரெண்டு தரம் இழுத்து நடுரோட்டில் நின்றுவிட்டது. பின்னாலிருந்த பஸ்காரன் ஹாரனை விடாமல் அடித்தான். மீட்டரில் அறுபத்தாறு. லிட்டருக்குப் பதிமூன்று, மேலே கொசுறு. ஆயிரத்துச் சொச்சம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“என்னை மன்னிச்சிடுங்க ஐயா” என்றாள்.

அவர் பதில் சொல்வதற்குள் அவருடைய போன் அடித்தது. மகன் கார்த்திகேசன். ஸ்பீக்கரில் போட்டார்.

“லைவ்ல பாத்தேன் நைனா. நீ அங்கியே இரு. நான் நம்ம வண்டிய எடுத்துகினு வந்து உன்ன கூட்டிகினு போறேன்.”

வேலுசாமி போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

“வாடா. வந்து பின்சீட்ல உக்காரு. ஊட்டுக்கு நான்தான் ஓட்டுவேன்.”