நேராக வரும் பந்து

கடலலை விளையாட்டுக் கழகத்தார் தெய்வநாயகியைத் தேடி வந்ததற்கு அவளுடைய படிப்புக் காரணமல்ல. அவள் மட்டக்களப்புக்காரி. ஸ்காபரோவிலிருந்த உதைபந்தாட்டக் கழகங்கள் எல்லாம் யாழ்ப்பாணத்து ஊர்களின் பெயரால் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த தொண்ணூற்றேழாம் ஆண்டு அது. எந்த ஊருக்கும் மச்சாளோ மருமகளோ ஆகாத, மனச்சிக்கல்களைப் பேசித் தீர்க்கும் தமிழ் உளவளத்துணையாளர் இவள் ஒருத்திதான் என்று விசாரித்து அறிந்துகொண்ட பிறகே, கழகத் தலைவர் அருள்நாயகம் கோல் காப்பாளன் பஸ்ரியனைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். டோர்செட் பார்க்கில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே இருந்தது அவளுடைய அறை.

பஸ்ரியன் கதவளவு அகலமான ஆள். அவன் உட்காருவதற்கு முன்னமே அருள்நாயகம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவனுடைய வருத்தத்தை விவரிக்கத் தொடங்கிவிட்டார். தெய்வநாயகி அவரை வெளியே இருக்கச் சொன்னாள். கழகம்தான் காசு கட்டுகிறது, ஆகவே தானும் கேட்கத்தானே வேண்டும் என்றார் அவர்.

"காசு ஆரும் கட்டலாம் அண்ணை. என்னட்ட வந்த ஆள் இவர்" என்றாள்.

அருள்நாயகம் போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டார். கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் அவரைக் கண்டு, ஆருக்குச் சுகமில்லை என்று அன்பாக விசாரித்துவிட்டுப் போனார்கள்.

கதவு சாத்திய பிறகு பஸ்ரியன் தன் பிரச்சினையைச் சொன்னான். இடது மூலைக்கோ வலது மூலைக்கோ பந்து போனால் பாய்ந்து பிடித்துவிடுவான். தன்னை நோக்கி நேராக வரும் பந்தைத்தான் அவனால் பிடிக்க முடியவில்லை. நகரின் நடுவே, டவுன்ரவுனில், ஒரு ரெஸ்ரோறன்ற் குசினியில் அவனுக்கு வேலை. ஒடுக்கமான நடைபாதை. பரிமாறுகிறவர்கள் சுடச்சுடத் தட்டுகளோடு எதிரே ஓடி வருவார்கள். அவன் மன்னிப்புக் கேட்டு 'சொறி' சொல்லிச் சுவரோடு ஒட்டிக்கொள்வான். நாள் முழுக்க இதே வேலை. இப்போது மைதானத்திலும் பந்து நேரே வந்தால் வாய் தன்பாட்டில் 'சொறி' என்கிறது, உடம்பு விலகி வழி விடுகிறது.

"அது வந்து வலைக்குள்ள விழுந்த பிறகுதான் அக்கா எனக்கு ஞாபகம் வருது, நான் கோலுக்கு நிக்கிறன் எண்டு."

கழகத்தில் ஒருவருக்கும் இந்தக் காரணம் தெரியாது. அவனுக்கு ஏதோ சகுனப் பிழை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். தெய்வநாயகி சிரிக்கவில்லை. அவனைக் கிழமைக்கு ஒருமுறை வரச் சொன்னாள்.

அதே மாதத்தில் கஜீவன் என்ற இளைஞன் தனியாக வந்தான். ஒஷாவாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை, இரவில் நித்திரை இல்லை என்றான். பேசும்போது கண் இமைக்காமல் அவள் முகத்தையே பார்த்தான். மூன்றாம் முறை வந்தபோதுதான் காரணம் வெளியே வந்தது. அகதி விசாரணைக்குப் போனபோது அவனுடைய வக்கீல், அதிகாரியின் முகத்தை நேரே பார்த்துப் பேசு, கண்ணை எடுத்தால் பொய் சொல்வதாக நினைப்பார்கள் என்று சொல்லி அனுப்பினாராம். வழக்கு வென்றுவிட்டது. ஆனால் அன்றிலிருந்து எதிரே நிற்பவரின் முகத்திலிருந்து அவனால் கண்ணை எடுக்க முடியவில்லை. பஸ் சாரதி பயந்து போகிறார். காதலித்த பெண் விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

"அதைவிடப் பெரிய பிரச்சினை அக்கா, நான் செம்பருத்திக் கழகத்துக்குப் பெனால்ரி அடிக்கிறனான். கண் எங்கையோ கால் அங்கை. எல்லாப் பந்தும் கோலியின்ர நெஞ்சுக்குத்தான் போகுது."

கடலலைக்கு ஜென்ம விரோதி செம்பருத்திதான் என்பது மட்டக்களப்புக்காரிக்குக்கூடத் தெரிந்திருந்தது. அந்த இரண்டு கழகமும் ஆவணியில் இறுதியாட்டத்துக்கு வரும் என்று கீழே கடையில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

அன்று மாலை முழுவதும் அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இருவரும் இப்படியே இருந்தால் கஜீவன் நேரே அடிப்பான், பஸ்ரியன் விலகி வழி விடுவான், செம்பருத்திக்குக் கோல். பஸ்ரியனை மட்டும் குணமாக்கினால் பந்து அவன் நெஞ்சிலேயே வந்து விழும். கஜீவனை மட்டும் குணமாக்கினால் பந்து மூலைக்குப் போகும், அங்கே பஸ்ரியன் பாய்ந்து பிடிப்பான். எந்த மருந்தைக் கொடுத்தாலும் ஒருவனுக்கு அது நஞ்சு. ஒன்றும் கொடுக்காவிட்டால் அதுவும் ஒரு பக்கம் சாய்ந்ததுதான்.

உளவளத்துணையாளர் சங்கம் வைத்திருந்த ஆலோசனைத் தொலைபேசிக்கு எடுத்து, பெயர்கள் சொல்லாமல் விளக்கினாள். அந்தப் பக்கத்திலிருந்த பெண் இது ஐஸ் ஹொக்கியா என்று இரண்டு தரம் கேட்டாள். இல்லை என்றதும் கொஞ்சம் ஏமாந்தவள்போல, ஒருவர் சொன்னதை மற்றவருக்குப் பயன்படுத்தாமல் இருக்க உன்னால் முடியுமா, முடியாவிட்டால் இருவரையும் வேறு ஆட்களிடம் அனுப்பு என்றாள்.

முடியும் என்றுதான் தெய்வநாயகி நினைத்தாள். அடுத்த கிழமை பஸ்ரியன் வந்து உட்கார்ந்ததும் முடியாது என்று தெரிந்துவிட்டது. நேரே வரும் பந்துதான் அவனுடைய வருத்தம். ஆனால் 'நேரே' என்று வாயெடுத்தாலே கஜீவனைக் காட்டிக்கொடுப்பதுபோல இருந்தது. ஒரு மணித்தியாலம் முழுவதும் இடது மூலையைப் பற்றியும் வலது மூலையைப் பற்றியுமே பேசினாள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, மூலையில் தனக்கு ஒரு பிரச்சினையும் இல்லையே என்றான். கஜீவனிடம் அவள் முகங்களைப் பற்றியே பேசவில்லை. நித்திரைக்கு முன் பால் குடிக்கச் சொன்னாள். இரண்டு பேரையும் தான் ஏமாற்றுவதாக அவளுக்குப் பட்டது.

ஆகவே இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, தன்னால் இப்போது நேர்மையாக வைத்தியம் பார்க்க முடியாத ஒரு நிலைமை வந்திருக்கிறது, காரணத்தைச் சொல்ல முடியாது, இறுதியாட்டம் முடியும்வரை வேறு ஒருவரிடம் போங்கள் என்று சொன்னாள். நல்ல ஆட்கள் இரண்டு பேரின் பெயரும் கொடுத்தாள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. 'சொறி'யைப் பற்றி ஒரு வெள்ளைக்காரனிடம் முறைப்பட்டால் அதில் என்ன பிழை என்றுதான் கேட்பான் என்று பஸ்ரியன் சொன்னான். கஜீவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து வெளியே போனான்.

இரு கழகத்து ஆட்களும் அவளிடம் வந்து போன விசயம் பரவியது. பலசரக்குக் கடைக்கு மேலே நடப்பது ஒன்றும் ஒளிந்திருக்காது. செம்பருத்தித் தலைவர் இராஜரட்ணம், அவள் கடலலைக்கு விலைபோய்விட்டாள் என்றார். அருள்நாயகம் நேரிலேயே வந்தார்.

"தங்கச்சி, நீர் ஒண்டும் சொல்லவேண்டாம். அவன் கஜீவன் இடப்பக்கம் அடிப்பானெண்டா ஒருக்கா இருமும். வலப்பக்கமெண்டா ரெண்டு தரம்."

அவளுக்கு அப்போது உண்மையாகவே தடிமன். தொண்டை அரித்தது. இருமலை அடக்கி அடக்கிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அருள்நாயகம் அந்தக் கண்ணீரையும் உன்னிப்பாகப் பார்த்து, எந்தக் கண்ணில் முதலில் வந்தது என்பதை மனதில் வைத்துக்கொண்டு போனார்.

இறுதியாட்டத்துக்கு முதல் நாள் பஸ்ரியன் தொலைபேசியில் அழைத்து, நீங்கள் வந்து நின்றால் எனக்குத் தைரியமாக இருக்கும் என்றான். கொஞ்ச நேரத்தில் கஜீவன் அழைத்தான். நீங்கள் வந்தால் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பேன், தயவுசெய்து வரவேண்டாம் என்றான். அவள் இருவருக்கும் சரி என்றாள். மைதானத்துக்குப் போய், கதிரையைக் கார் தரிப்பிடத்தைப் பார்க்கத் திருப்பிப் போட்டு, ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கொத்துரொட்டி வாங்க வந்த சனம் அவளைச் சுற்றிக்கொண்டு போனது. இரு கழகத்து நிர்வாகிகளும் ஆட்டத்தை விட்டுவிட்டு அவளுடைய தோள்களையே கவனித்தார்கள்.

ஆட்டம் சமநிலையில் முடிந்து பெனால்ரிக்கு வந்தது. கடைசி உதை கஜீவனுடையது. அவன் அடித்தால் தொடரும், தவறினால் கடலலைக்குக் கிண்ணம். அவள் கேட்டதெல்லாம் ஒரு நீண்ட அமைதி, ஓடிவரும் சப்பாத்துச் சத்தம், பிறகு உடம்பில் பந்து படும் 'பளார்' என்ற ஓசை. அடுத்த கணம் கடலலைப் பக்கம் அலறியது. என்ன நடந்தது என்பதைப் பிறகு பஸ்ரியன்தான் சொன்னான். கஜீவன் அவன் முகத்தையே பார்த்தபடி ஓடி வந்திருக்கிறான். ஒரு ஆள் நேரே ஓடி வருவதைக் கண்டதும் பஸ்ரியன் வழமைபோல 'சொறி' சொல்லி இடப்பக்கம் விலகியிருக்கிறான். கஜீவனோ கடைசிக் கணத்தில், மூன்று வருடத்தில் முதல் தடவையாக, கண்ணைப் பிய்த்தெடுத்து அந்த இடது மூலையைப் பார்த்து அடித்திருக்கிறான். விலகிக்கொண்டிருந்த பஸ்ரியனின் பின்புறத்தில் பட்டுப் பந்து வெளியே போய்விட்டது.

குணமானவன் தோற்றான். குணமாகாதவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

கஜீவன் அன்று இரவு நன்றாக நித்திரை கொண்டான். அந்த மூலைக்குப் பின்னால் ஒரு மேப்பிள் மரம் நிற்கிறது, அதை இத்தனை வருடமும் கண்டதில்லை என்று அவளுக்கு அழைத்துச் சொன்னான். கழகத்தில் அவனோடு யாரும் பேசவில்லை. அவனுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

பஸ்ரியனுக்குத்தான் நிம்மதி போய்விட்டது. அவனைக் குணமாக்கியதற்காகக் கழகத்தின் இராப்போசனத்தில் தெய்வநாயகிக்குப் பொன்னாடை போர்த்தவேண்டும் என்று அருள்நாயகம் முடிவெடுத்திருந்தார். தான் விலகித்தான் ஓடியதாகப் பஸ்ரியன் நிர்வாகக் குழுவில் எழுந்து சொன்னான். அவனுடைய அடக்கத்துக்குக் கைதட்டினார்கள். அவன் அவளிடம் வந்து, நீங்கள் சொன்னால் நம்புவார்கள், என்னைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லுங்கள், எனக்குச் சம்மதம் என்றான். அவள் அவனை இரண்டு நாள் யோசிக்கச் சொன்னாள். அவன் யோசித்துவிட்டும் அதையே சொன்னான்.

அருள்நாயகத்தை அழைத்து, பஸ்ரியனின் சம்மதத்தோடுதான் சொல்கிறேன் என்று தொடங்கி எல்லாவற்றையும் விளக்கினாள். அவனுக்கு இன்னும் குணமாகவில்லை, பொன்னாடையும் வேண்டாம் என்றாள். அருள்நாயகம் குரலைத் தாழ்த்தினார்.

"அப்ப தங்கச்சி, உவனைக் குணப்படுத்தாதேயும். உப்பிடியே இருக்கட்டும். அதுக்கும் கழகம் காசு கட்டும்."

"அதை நீங்களும் நானும் தீர்மானிக்கேலாது அண்ணை. அவரைத்தான் கேக்கவேணும்."

பஸ்ரியனைக் கேட்டாள். அவன், பந்துக்கு என்றில்லை, தனக்கு மாறத்தான் வேண்டும் என்றான். கழகம் காசு கட்டுவதை நிறுத்தியது. அவன் தன்பாட்டில் பஸ் ஏறி, கடைப் பக்கம் முகத்தைக் காட்டாமல் பின்வழியால் வந்து போனான். இனி 'நேரே' என்று சொல்ல அவளுக்கும் தடை இருக்கவில்லை.

அடுத்த கோடையில் கடலலை முதல் சுற்றிலேயே தோற்று வெளியேறியது. பஸ்ரியன் நேரே வந்த பந்துகளையெல்லாம் பிடித்தான். மூலைக்குப் போனவற்றைத்தான் விட்டுவிட்டான். இதற்கெல்லாம் மேல்மாடியில் இருப்பவள்தான் காரணம் என்று அருள்நாயகம் கடையில் நின்று எல்லாருக்கும் விளங்கப்படுத்திக்கொண்டிருந்தபோது தெய்வநாயகி உள்ளே வந்தாள். அவர் நிறுத்தவில்லை. உண்மைதானே என்று கடைக்காரர் அவளைக் கேட்டார். அவள் முருங்கைக்காய் இன்றைக்கு வந்ததா என்று கேட்டு, ஒரு கட்டு வாங்கிக்கொண்டு மேலே போனாள்.